பாடும்போது தொண்டை இறுகுகிறதா? மூச்சைத் தாங்கிப் பாடப் பழகும் முழு வழிகாட்டி

திருகோணமலையில் பாடுகிறவர்களுக்குக் குறைவில்லை. கோயில்களில் தேவாரம், தேவாலயங்களில் பாடகர் குழு, பள்ளிக்கூடங்களில் தமிழ்த் தினப் போட்டி, வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள், மார்கழியில் விடிய முன்னரே சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு தெருவில் போகிறவர்கள். இவர்களில் நல்ல சுருதி ஞானம் இருந்தும் பாதிப் பாட்டிலேயே குரல் கட்டிப்போகிறவர்கள் நிறையப் பேர். மேல் ஷட்ஜம் (மேல் ச) நெருங்கியதும் கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னுக்கு வரும், பாட்டு கத்தலாகும். அடுத்த நாள் காலையில் கதைக்கவே கரகரக்கும்.

இவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டு அறிவுரைகள்: "தொண்டையைத் தளர்த்து", "அடிவயிற்றிலிருந்து பாடு". இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எப்படி என்று சொல்லாமல் விட்டால் முதலாவதால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது பல பேருக்குத் தொண்டையை இன்னும் மோசமாக இறுக்கிவிடுகிறது. அது ஏன் என்று முதலில் பார்த்துவிடுவோம். காரணம் தெரியாமல் செய்யும் பயிற்சி சீக்கிரம் பிழையான பழக்கமாகிவிடும்.

தொண்டை ஏன் இறுகுகிறது

குரல்வளைக்குப் பாட்டைவிடப் பழைய வேலைகள் உண்டு. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் மூடுவது முதல் வேலை. பாரம் தூக்கும்போது நெஞ்சுக்குள் காற்றை அடைத்து உடம்புக்கு உறுதி கொடுப்பது இன்னொன்று. கிணற்றடியில் நிறைந்த வாளியை ஒரே இழுவையில் தூக்கிப் பாருங்கள். வயிறு கல்லாகும், மூச்சு நிற்கும், தொண்டை மூடிக்கொள்ளும். நீங்கள் நினைத்து மூடுவதில்லை. வயிறு இறுகியதும் தானாக நடக்கிறது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள பொய்க் குரல் நாண்களும் அப்போது நெருங்கி வருகின்றன.

அடிவயிற்றிலிருந்து பாடச் சொன்னதும் ஒரு பிள்ளை வயிற்றை இறுக்கித் தள்ளினால் இதேதான் நடக்கும். கீழிருந்து அழுத்தம் ஏறும், குரல்வளை அதை எதிர்த்து மூடப் பார்க்கும், நடுவில் குரல் நாண்கள் நசிபடும். வளர்ந்த ஆண்களுக்கே அவை ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் நீளம்தான். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடச் சிறியவை. 5 கட்டைச் சுருதியில் மத்திய ஷட்ஜம் (நடு ச) பாடும் பெண்ணின் குரல் நாண்கள் ஒரு நொடிக்கு 196 தடவை சேர்ந்து பிரிகின்றன. மேல் ஷட்ஜத்தில் 392 தடவை. இவ்வளவு வேகத்தில் அதிரும் மென்மையான மடிப்புகளை இரண்டு பக்கமும் நெருக்கினால் அவை வீங்காமல் என்ன செய்யும்?

நேர் எதிரான பிழையும் உண்டு. மூச்சை நிறைய எடுத்துவிட்டு, பாடத் தொடங்கியதும் நெஞ்சைச் சரிய விடுவது. விரிந்த நுரையீரலும் விலாவும் தாமாகவே சுருங்கப் பார்ப்பதால் காற்று ஒரேயடியாக வெளியே பாயும். அதைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லாமல் தொண்டை பிடித்துக்கொள்ளும். ஆக, தள்ளினாலும் இறுகும், சரிய விட்டாலும் இறுகும். தொண்டை தன் வேலையல்லாத ஒரு வேலையை வேறு யாரும் செய்யாததால் எடுத்துச் செய்கிறது. அந்த வேலையை உரிய இடத்தில் கொடுத்துவிட்டால் அது தானாக விடும்.

அந்த வேலை விலாவினுடையது. மூச்சை எடுக்கும்போது பக்கவாட்டில் விரிந்த விலாவை, பாடும்போது உடனே விழவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவிட வேண்டும். மூச்சைத் தாங்குவது என்றால் இதுதான். ஆர்மோனியம் வாசிப்பவர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும்: துருத்தியை அடித்து அடித்துத் தள்ளினால் நாதம் உதறும், சீராகக் கொடுத்தால்தான் சுரம் நிற்கும்.

பள்ளியில் படித்த பிரிமென்தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் அது மூச்சை உள்ளே இழுக்கும் தசை. சுருங்கிக் கீழே இறங்கும்போது குடல், ஈரல் எல்லாவற்றையும் கீழே தள்ளுவதால்தான் வயிறு முன்னுக்கு வருகிறது. வயிற்றுக்குள் காற்றுப் போவதில்லை. வெளிமூச்சில் அது தளர்ந்து மேலே போகும். எனவே அதைக் கொண்டு காற்றை வெளியே தள்ள முடியாது. அதை நேரடியாக உணரவும் முடியாது. விலாவின் அசைவையும் வயிற்றின் அசைவையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். நமக்கு அது போதும்.

எங்கே இறுகுகிறது என்று பாருங்கள்

கண்ணாடி முன் இருந்து, தெரிந்த ஒரு பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும் ஒரு வரியைப் பாடுங்கள். போனில் பக்கவாட்டாக ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்து முன்னுக்குப் போவது நேரே பார்த்தால் தெரியாது.

நாடி எலும்புக்குப் பின்னால், கீழிருந்து தொட்டால் மெத்தென்ற ஓர் இடம் இருக்கும். அங்கே பெருவிரலை வைத்து எச்சிலை விழுங்குங்கள். விரலைக் கீழே தள்ளிக்கொண்டு கடினமாகும். அதுதான் நாக்கின் அடித்தசை இறுகும் உணர்வு. இப்போது விரலை எடுக்காமல் ச-விலிருந்து மேல் ச வரை பாடுங்கள். ஏற ஏற அந்த இடம் கடினமானால் உங்கள் சிக்கல் நாக்கின் வேரில். நாவடி எலும்பில் நாக்கு பிணைந்திருக்கிறது, குரல்வளை அதே எலும்பிலிருந்து தொங்குகிறது. நாக்கு பின்னுக்கு இழுபட்டால் குரல்வளையும் சும்மா இருக்க முடியாது. நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது இதைத்தான். தாடை, தோள் என்று வெளியே தெரியும் இறுக்கத்தை ஆசிரியர்கள் உடனே கண்டுபிடித்துத் திருத்துவார்கள். நாக்கு வாய்க்குள் ஒளிந்திருப்பதால் வருடக்கணக்காகத் தப்பிவிடுகிறது.

தாடைக்கு, காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பாடுங்கள். பல்லைக் கடிக்கும்போது புடைக்கும் தசை பாடும்போதும் புடைக்கக் கூடாது. மூச்சு எடுக்கும்போது தோள் மேலே ஏறுகிறதா என்பதை வீடியோவே காட்டிவிடும்.

இருப்பு

சம்மணம் போட்டு இருக்கும்போது முழங்கால் இடுப்பைவிட உயரமாக நின்றால் முதுகு வளைந்து விலா வயிற்றின்மேல் சரியும். மடித்த போர்வை ஒன்றைப் பின்பக்கத்துக்குக் கீழே வையுங்கள். இடுப்பு சற்று உயர்ந்ததும் முதுகு தானாக நிமிரும். பாட்டுக் கொப்பியை மடியில் வைத்துக் குனிந்து பாடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மேடையில் மைக் எட்டாவிட்டால் மைக்கை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு அதனிடம் போகாதீர்கள்.

மூச்சு எடுப்பது

பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துப் பாதத்தை நிலத்தில் ஊன்றுங்கள். இரண்டு கையையும் விலாவின் பக்கவாட்டில், கடைசி எலும்புகளுக்கு மேலே வையுங்கள். முதலில் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். முழுவதும் போன பிறகு அவசரப்படாமல் கொஞ்சம் பொறுங்கள். உடம்பு தானாக மூச்சைக் கேட்கும். அப்போது வயிற்றை விட்டுக்கொடுத்தால் காற்றுத் தானாக வந்து நிறையும், கைகள் பக்கவாட்டில் விலகும். நீங்கள் இழுக்க வேண்டியதில்லை. இதைப் படுத்தபடி பழகிய பிறகு சுவரோடு சாய்ந்து இருந்து, பிறகு சாயாமல் இருந்து செய்யுங்கள். படுத்திருக்கும்போது சரியாக வந்தது இருந்ததும் மறந்துபோகும், அதனால் இடையிடையே மீண்டும் பாய்க்குப் போவதில் தவறில்லை.

மூச்சு எடுக்கும்போது சத்தம் வரக் கூடாது. 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தை இன்னொரு கண்ணாடியால் திருப்பி, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். மூச்சு எடுக்கும்போது அவை அகலத் திறப்பதையும் பாடும்போது நெருங்குவதையும் கண்டார். உள்மூச்சில் இரைச்சல் கேட்கிறதென்றால் அந்த வழி ஒடுங்கியிருக்கிறது. பாடத் தொடங்கும் முன்னரே இறுக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். வரிகளுக்கு நடுவில் வாயாலும் மூக்காலும் சேர்த்து எடுக்கலாம், சத்தமில்லாமல்.

அளவு இன்னொரு விஷயம். ஒரு சின்னச் சங்கதிக்கு நெஞ்சு நிறையக் காற்று வேண்டாம். தேவைக்கு மேல் அடைத்தால் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கத் தொண்டை மூடத்தான் வேண்டும். மூச்சுப் போதவில்லை என்று சொல்லும் பல பேருக்கு உண்மையில் மிஞ்சித்தான் கிடக்கிறது. வரி முடிந்ததும் மிச்சக் காற்றை வெளியே விடாமல் அதன்மேல் இன்னும் எடுப்பதால் வரும் திணறல் அது. எடுப்பதற்கு முன் விடுங்கள்.

காற்றைச் சீராக விடுவது

கை விலாவில் இருக்கட்டும். மூச்சு எடுத்து, "ஸ்ஸ்ஸ்" என்று மெல்லிய சீரான சத்தத்தில் 10 நொடி விடுங்கள். கைகளுக்குக் கீழே விலா முதல் சில நொடிகள் விரிந்தபடியே இருந்து பிறகு மெல்ல இறங்க வேண்டும். தொடங்கியதும் விழுந்தால் காற்றைக் குறைத்து இன்னும் மென்மையாகச் செய்யுங்கள். வயிறு தன்பாட்டில் மெதுவாக உள்ளே போகும், அதை நீங்கள் இழுக்க வேண்டாம். 10 நொடி சீராக வந்த பிறகு 15, 20 என்று கூட்டலாம். எத்தனை நொடி என்பதில் போட்டி வேண்டாம். கடைசிக் காற்றைப் பிழிந்து எடுத்து 40 நொடி நிற்கிற பிள்ளையைவிட, 12 நொடி ஒரே அளவாக விடுகிற பிள்ளைதான் பாட்டுக்கு ஆயத்தமானது. தலை சுற்றினால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

சத்தத்தைத் தொடங்குவது

"அ" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்று, தொண்டையில் "டிக்" என்று வெட்டித் தொடங்குவது. அங்கே நாண்கள் மூடியபின் காற்று அவற்றை உடைத்துக்கொண்டு வருகிறது. இன்னொன்று, காற்று முதலில் ஒழுகிப் பிறகு சத்தம் வருவது. மூன்றாவது, காற்றும் சத்தமும் ஒன்றாக வருவது. நமக்கு வேண்டியது மூன்றாவது. வெட்டித் தொடங்கும் பழக்கம் உள்ளவர்கள் சில நாளைக்கு "ஹ" சேர்த்து "ஹஅ" என்று தொடங்கி, பிறகு அந்த "ஹ"வை மனதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கலாம். அகார சாதகத்தில், அதாவது சுரங்களை "ஆ" என்று பாடிப் பழகும்போது, தொண்டை நோகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு "ஆ"வும் ஒரு வெட்டாக இருந்தால் ஒரு மணி நேரச் சாதகத்தில் எத்தனை அடி விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்ட்ரோ பயிற்சி

இறுக்கத்தை விடுவிக்க எனக்குத் தெரிந்தவற்றில் இதைப்போல் வேகமாக உதவுவது வேறில்லை. ஒரு கிளாசில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரோவின் நுனி 2 அல்லது 3 சென்ரிமீற்றர் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடியுங்கள். உதட்டால் ஸ்ட்ரோவைச் சுற்றி மூடி, "ஊ" என்று சுருதியில் பாடுங்கள். தண்ணீர் ஒரே சீராகக் கொப்பளிக்க வேண்டும். முதலில் ஷட்ஜத்தில் மட்டும். பிறகு ச–ப–ச என்று வழுக்கிப் போய் வாருங்கள். கடைசியில் ஒரு முழுப் பாட்டையே ஸ்ட்ரோவுக்குள் பாடலாம்.

வாயின் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் காற்றழுத்தம் வாய்க்குள்ளும் கொஞ்சம் ஏறி, குரல் நாண்களுக்கு மேலிருந்தும் ஒரு தாங்கல் கிடைக்கிறது. அவை ஒன்றையொன்று மோதி நசுக்காமல் லேசாக அதிர முடிகிறது. இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி இதை விரிவாக ஆராய்ந்து பரப்பியவர். கொப்பளம் உங்களுக்குப் பொய் சொல்லாது: தள்ளினால் தண்ணீர் தெறிக்கும், தொண்டை பிடித்தால் கொப்பளம் நின்றுவிடும். மூக்கால் காற்றுப் போகிறதா என்று ஒருமுறை மூக்கைப் பொத்திப் பாருங்கள். சத்தம் மாறக் கூடாது. நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் போதும். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கும்போது தண்ணீர் இல்லாமல் வெறும் ஸ்ட்ரோவிலும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

சரளி வரிசையை வைத்துப் பழகுவது

புதுப் பயிற்சி எதுவும் தேட வேண்டாம். சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில், மாயாமாளவகௌளை இராகத்தில் உங்களுக்குத் தூக்கத்திலும் வரும் முதல் வரிசையே போதும். முதற் காலத்தில் (மெதுவான வேகத்தில்), ஒரு தடவை ஸ்ட்ரோவில், ஒரு தடவை வாய் மூடி "ம்" என்று, ஒரு தடவை "வூ" என்று, பிறகு சுரப் பெயர் சொல்லி, கடைசியாக அகாரத்தில் பாடுங்கள். ஸ்ட்ரோவில் இருந்த லேசான உணர்வு எந்தப் படியில் தொலைகிறது என்று கவனியுங்கள். தொலைந்த இடத்துக்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் "ம்"மில் நன்றாக இருந்தது சுரப் பெயர் சொல்லும்போது கெடும், ஏனென்றால் "ரி", "க", "த" என்று நாக்கு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பெருவிரலை நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாக்கின் நுனியை மட்டும் அசைத்துச் சொல்லப் பழகுங்கள். தொடக்கத்தில் நான்கு சுரத்துக்கு ஒரு மூச்சு. எட்டுச் சுரத்துக்குப் பிறகு போகலாம்.

கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வரும்போது தாடையை ஆட்டுகிறவர்கள் நாடியை ஒரு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு பாடுங்கள். அசைவு குரல் நாண்களில் நடக்க வேண்டும், வாயில் அல்ல. முதலில் மிக மெதுவாக, இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் பழகிப் பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

மேல் ஸ்தாயி

ஏறும்போது இன்னும் காற்று வேண்டும் என்று உடம்பு நினைக்கும். நினைப்பதை எல்லாம் கொடுக்காதீர்கள். நாண்கள் நீண்டு மெல்லியதாகி அதிர்வதால்தான் சுரம் உயர்கிறது. அதற்கு அவற்றை நீள விட வேண்டும். சத்தத்தைக் கூட்டாமல், கொஞ்சம் குறைத்தே ஏறிப் பாருங்கள். வாயை மேலும் திறங்கள், "ஈ"யும் "ஊ"வும் உச்சத்தில் சற்று "எ", "ஒ" பக்கம் சாயலாம், கேட்பவருக்குச் சொல் கெடாது. குரல்வளை சிறிது மேலே போவது இயல்பு. அதை விரலால் பிடித்துக் கீழே இழுக்கும் பயிற்சியை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் மேல் காந்தாரம் ஒவ்வொரு நாளும் இறுகினால், உங்கள் சுருதியை ஒருமுறை சந்தேகியுங்கள். பெண் பிள்ளை என்றால் 5 அல்லது 5½, ஆண் என்றால் 1 அல்லது 1½ என்று எல்லோருக்கும் ஒரே கட்டையைக் கொடுத்துவிடுகிறோம். கீழ்ப் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் அமைதியான குரலில் எட்டும் சுருதிதான் உங்கள் சுருதி. கூட்டமாகப் பாடும்போது இது இன்னும் பெரிய சிக்கல். திருவெம்பாவைக்கு முன்னால் போகிற ஆண் தன் வசதிக்கு எடுக்கும் சுருதியில் பின்னால் வரும் பெண்களும் பிள்ளைகளும் ஒன்றில் கீழே முனகுவார்கள், அல்லது உச்சத்தில் கத்துவார்கள். இரண்டு பகுதிக்கும் பொதுவான சுருதியை முதல் நாளே பார்த்து வைத்துவிடலாம்.

சொல்லோடு பாடும்போது

திருஞானசம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் புறநீர்மைப் பண்ணில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பாடம். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் கோணமாமலையில் அமர்ந்தவரைச் சொல்லித்தான் முடியும். அந்த முடிவில் மூச்சு இல்லாமல் தொண்டையால் பிழிந்து முடிப்பதை எத்தனையோ மேடைகளில் கேட்கிறோம். வரிகள் நீளம், ஆகவே முதலில் பாட்டைச் சீர் பிரித்து எழுதி, பொருள் முறியாத இடங்களில் பென்சிலால் மூச்சுக் குறி போடுங்கள். கடைசி அடிக்கு முன்னால் கட்டாயம் ஒரு குறி வேண்டும். பிறகு இராகமில்லாமல் வாசித்து, அந்தக் குறிகளில் மட்டும் மூச்சு எடுத்துப் பழகுங்கள். அதன் பிறகு பாடுங்கள். ஒரு சொல்லின் நடுவில் திருட்டு மூச்சு எடுக்கிறவர்களுக்கு இந்த ஒரு பழக்கமே பாதி இறுக்கத்தை எடுத்துவிடும்.

இரைச்சலும் காற்றும்

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் கடல் இரைச்சலுக்கும் மணிச் சத்தத்துக்கும் நடுவில் பாடும்போது உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. கேட்காதபோது எந்த மனிதரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். தவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் அப்படித்தான். ஒரு காதை உள்ளங்கையால் லேசாக மூடிக்கொள்ளுங்கள், உங்கள் குரல் உள்ளே தெளிவாகக் கேட்கும். வீட்டில் எவ்வளவு சத்தத்தில் பாடினீர்களோ அந்த அளவை விலாவின் உணர்வால் நினைவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகாதீர்கள். ஒலிபெருக்கி இருந்தால் பாடுகிறவர் பக்கம் ஒன்றைத் திருப்பி வைக்கச் சொல்வது ஆடம்பரம் இல்லை.

ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரண்டு சூடாக வருவது. அந்த மாதங்களில் தொண்டை காய்வது அதிகம். குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதில்லை, அது உணவுக் குழாயில் போகிறது. உடம்பில் சேர்ந்து அங்கே ஈரமாகச் சில மணி நேரமாவது எடுக்கும். மேடையில் ஏறும்போது ஒரு மிடறு குடிப்பதால் வாய்க்குத்தான் சுகம். காலையிலிருந்தே குடித்து வாருங்கள். மல்லித் தண்ணீர், தேன், சுக்கு எல்லாம் இதமானவைதான், குடியுங்கள். ஆனால் அவை பிழையான பழக்கத்துக்கு மருந்தாகாது. கொதிக்கும் தண்ணீரின் ஆவியைப் பாதுகாப்பான தூரத்தில் இருந்து பிடித்தால் அது நேரடியாக நாண்களுக்குப் போகும். மார்கழி வாடையில் விடியற்காலை பாடப் போகிறவர்கள், வீட்டை விட்டுப் புறப்பட முன் ஐந்து நிமிடம் "ம்"மும் ஸ்ட்ரோவும் செய்துவிட்டு, முதல் தெருவில் மெதுவாகப் பாடுங்கள். இரவில் பிந்திச் சாப்பிட்டு உடனே படுக்கிறவர்களுக்கு வயிற்றுப் புளிப்பு மேலே வந்து காலையில் குரலைக் கெடுக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

12 முதல் 15 வயது வரையான ஆண் பிள்ளைகளின் குரல் உடையும் காலத்தில் போட்டிக்காகப் பழைய சுருதியில் பாட வைக்காதீர்கள். சுருதியை இறக்குங்கள், தேவைப்பட்டால் அந்த வருடப் போட்டியை விடுங்கள். பிள்ளையின் குரல் ஒரு கேடயத்தைவிடப் பெரிது.

தொண்டை நோகும்போது மரத்துப்போகச் செய்யும் இனிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்து, நோவு சொல்ல வருவதை அது மறைத்துவிடும். குரல் கட்டியிருக்கும்போது இரகசியம் பேசுவதுபோல் காற்றால் கதைப்பதும் பலருக்கு நாண்களை இறுக்கும். மெதுவாகச் சாதாரணக் குரலில் கதையுங்கள், அல்லது பேசாமல் இருங்கள். தடிமனோடு வந்த கரகரப்பு வழக்கமாக ஒன்றிரண்டு கிழமையில் போய்விடும். 3 கிழமைக்கு மேல் நீடித்தால், பாடும்போது திடீரென்று குரல் அற்றுப்போனால், அல்லது சளியில் இரத்தம் கண்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். பாடுகிறவர் என்பதை முதலிலேயே சொல்லி, குரல் நாண்களைக் கருவியால் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நாண்களில் முடிச்சு இருக்கிறது என்று தெரிந்தாலும் பயந்துவிட வேண்டாம். ஆரம்பத்தில் கண்ட முடிச்சுகள் ஓய்வாலும் குரல் பயிற்சியாலும் பல பேருக்குக் குறைந்துவிடுகின்றன. அந்தப் பயிற்சியிலும் அனேகமாக ஒரு ஸ்ட்ரோவைத்தான் கையில் தருவார்கள்.